டிக்கி மூடி துள்ளி எழுந்தால்: அறிகுறி பார்த்துக் காரணம் தேடும் வழி

அம்மா டிக்கி பட்டனை அழுத்திவிட்டுக் குனிந்தார். மூடி விருட்டென்று எழுந்து அவருடைய மூக்குக் கண்ணாடியில் இடித்தது. இடது பக்கக் கண்ணாடி சட்டத்திலிருந்து கழன்று பம்பர் மேல் விழுந்து கீழே உருண்டது. நல்லவேளை, கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. புருவத்தில் ஒரு கீறலோடு போயிற்று.

அதற்கு இரண்டு மாதம் முன்னால்தான் பெயின்ட் வேலைக்காக டிக்கி மேலிருந்த ஸ்பாய்லரை (இறக்கை போன்ற பட்டையை) கழற்றியிருந்தோம். கழற்றியது திரும்ப ஏறவில்லை. மூடியின் எடை குறைந்துவிட்டது, அதைத் தூக்கும் கம்பிகளோ பழைய எடைக்கு வைத்த முறுக்கிலேயே இருந்தன. கோளாறு அவ்வளவுதான். அதன் பிறகு சொந்தக்காரர்கள், நண்பர்கள் என்று யார் காரில் இந்தப் பிரச்சினை வந்தாலும் நானே போய்ப் பார்க்கிறேன். பார்த்துப் பார்த்து ஓர் ஒழுங்கு பிடிபட்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்பிரிங்கும் கேஸ் ஷாக்கும் (கேஸ் அடைத்த தூக்குத் தண்டு) நாளாக ஆகத் தளரும், தானாகப் பலம் கூடாது. நேற்று வரை ஒழுங்காக இருந்த மூடி இன்று துள்ளினால் இடையில் ஏதோ மாறியிருக்கிறது. என்ன மாறியது என்று கேட்காமல் நேராக ஸ்பிரிங்கில் கை வைக்காதீர்கள்.

## தொடங்கும் முன்

உங்கள் காரில் இருப்பது எது? டிக்கியைத் திறந்து, பின்சீட்டுக்குப் பின்னால் பார்சல் ட்ரேக்கு அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். விரலை விட மெல்லிய இரண்டு எஃகுக் கம்பிகள் காரின் அகலத்துக்கு, ஒன்றையொன்று குறுக்கிட்டுப் போனால் அது டார்ஷன் ராடு வகை, முறுக்கிய கம்பியே ஸ்பிரிங்காக மூடியைத் தூக்கும். செடான்களில் இதை நிறையப் பார்க்கலாம். மூடியின் இரு பக்கமும் கறுப்புக் குழாயும் பளபளக்கும் தண்டுமாக இருந்தால் கேஸ் ஷாக். ஹேட்ச்பேக்கிலும் பெரிய வண்டிகளிலும் பெரும்பாலும் இதுதான். கீல் கையிலேயே சுருள் ஸ்பிரிங் மாட்டிய கார்களும் உண்டு. பட்டன் தட்டினால் முழுக்கத் தானாகத் திறந்து தானாக மூடுவது மோட்டார் வகை. அதைக் கடைசியில் பார்ப்போம்.

காரைச் சமதளத்தில் நிறுத்துங்கள். முன்பக்கம் தாழ்ந்து நின்றால் மூடி முன்னோக்கிச் சாயவே பார்க்கும், இல்லாத வேகம் இருப்பதுபோலத் தெரியும். சரிவில் நிறுத்தி ஏமாந்தவர்களை எனக்குத் தெரியும்.

பாதியில் விடும் சோதனை. மூடியைக் கையால் பிடித்துப் பாதி உயரத்துக்குக் கொண்டுபோய் மெதுவாகக் கையை எடுங்கள், முகத்தைத் தள்ளியே வைத்துக்கொள்ளுங்கள். அங்கேயே நின்றாலோ மெல்ல மேலே போனாலோ சமநிலை சரி. வெடுக்கென்று மேலே ஓடினால் தூக்கும் விசை அதிகம். இறங்கினால் குறைவு.

எடை பார்த்து எழுதி வையுங்கள். பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசு இருந்தால் பாதி திறந்த மூடியின் விளிம்பில் மாட்டிக் கீழே இழுங்கள். மூடி அசையத் தொடங்கும்போது தராசு காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எவ்வளவு இருந்தால் சரி என்று எல்லாக் காருக்கும் பொதுவான எண் கிடையாது. வேலைக்கு முன், வேலைக்குப் பின் என்று ஒப்பிடுவதற்குத்தான் இது. ‘குறைந்த மாதிரி இருக்கிறது’ என்ற கை நினைவை நம்பாதீர்கள்.

## அறிகுறி 1: பட்டனை அழுத்தியதும் உச்சி வரை பறந்துபோய் மோதுகிறது

ஆபத்தானது இதுதான், அதனால் இதற்கே அதிக இடம். எளிய காரணத்திலிருந்து போவோம்.

### மூடியின் எடை குறைந்ததா?

ஸ்பாய்லர், உள்பக்க லைனிங், நம்பர் பிளேட்டுக்கு மேலே வரும் அலங்காரப் பட்டை, உள்ளே ஒட்டியிருந்த சத்தம் அடக்கும் தார் ஷீட் என்று எது கழன்றிருந்தாலும் எடை குறையும். இவை பெரும்பாலும் மூடியின் விளிம்பில், கீலிலிருந்து தள்ளி இருப்பவை. அங்கே ஒரு கிலோ குறைந்தாலும் கையில் நன்றாகத் தெரியும். விபத்துக்குப் பிறகு மூடியையே மாற்றியிருந்தால், அது அதே மாடலின் மூடிதானா, ஃபைபரில் செய்ததா என்று பாருங்கள்.

கழற்றியதைத் திரும்ப மாட்ட முடிந்தால் மாட்டிவிட்டுச் சோதியுங்கள். சரியானால் வேலை முடிந்தது.

### யாராவது கூடுதல் ஸ்பிரிங் மாட்டினார்களா?

டிக்கி தானாகத் திறக்கட்டும் என்று கீல் கையிலோ டார்ஷன் ராடிலோ சின்னச் சுருள் ஸ்பிரிங் மாட்டிக்கொள்கிறார்கள். பழைய கார் வாங்கியவர்கள் இதைக் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் முந்தைய உரிமையாளர் செய்தது உங்களுக்குத் தெரியாது. துரு ஏறாத, சுற்றியுள்ள பாகங்களோடு நிறம் ஒத்துப்போகாத, ஒரு பக்கம் மட்டும் இருக்கும் ஸ்பிரிங் என்றால் சந்தேகப்படுங்கள். மூடியை முழுக்கத் திறந்து முட்டுக் கொடுத்துவிட்டு, கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு, ஸ்பிரிங் தளர்ந்த நிலையில் கழற்றுங்கள். நான் பார்த்த கார்களில் பாதி இதிலேயே சரியாகிவிட்டன.

### கேஸ் ஷாக் மாற்றினீர்களா?

பழைய ஷாக் பல வருஷம் தளர்ந்து போயிருக்கும், கை அதற்குப் பழகியிருக்கும். புதிதாக மாட்டியதும் மூடி கொஞ்சம் வேகமாக எழுவது இயல்பு. கொஞ்சம் என்றால் பரவாயில்லை. கை உதறுகிற மாதிரி இருந்தால் ஷாக்கின் உடலில் அச்சிட்ட எண்ணைப் பாருங்கள். பார்ட் நம்பரோடு விசையும் பெரும்பாலும் நியூட்டனில் இருக்கும். 10 நியூட்டன் ஏறத்தாழ ஒரு கிலோ தூக்கும் விசை. 400 இருக்க வேண்டிய இடத்தில் 500 இருந்தால், ஒரு பக்கத்துக்கு 10 கிலோ வீதம் இரண்டு பக்கமும் சேர்ந்து 20 கிலோ கூடுதலாகத் தள்ளுகிறது.

ஸ்பாய்லர் உள்ள மாடலுக்கு ஒரு ஷாக், இல்லாததற்கு வேறு ஷாக் என்று ஒரே காருக்கே இரண்டு வகை வருவதுண்டு. நீளம் ஒத்துப்போகிறது, மாட்ட முடிகிறது என்பதற்காகச் சரியான ஷாக் என்று நினைத்துவிடக் கூடாது. சரியான எண்ணில், எப்போதும் ஜோடியாக மாற்றுங்கள். மூடிக்கு முட்டுக் கொடுத்தபின் உருண்டை முனையில் உள்ள கம்பி கிளிப்பை மெல்லிய ஸ்க்ரூ டிரைவரால் சற்றே நெம்பினால் போதும், ஷாக் கழன்று வரும். கிளிப்பை முழுக்க உருவ வேண்டியதில்லை.

வேகத்தைக் குறைக்க ஒரு பக்க ஷாக்கை மட்டும் கழற்றிவிடலாம் என்று ஒருவர் என்னிடம் பெருமையாகச் சொன்னார். தயவுசெய்து செய்யாதீர்கள். மூடி முறுகும், கீல் வளையும். ஷாக்கில் ஓட்டை போட்டுக் கேஸைக் குறைப்பது அதைவிட மோசம். உள்ளே மிகுந்த அழுத்தத்தில் நைட்ரஜனும் எண்ணெயும் இருக்கின்றன, ஓட்டை விழுந்த கணத்தில் எண்ணெய் முகத்தில் பாயும். கேஸ் குறைக்கும் சின்னத் திருகோடு விற்கும் ஷாக்குகள் தனி வகை. அவற்றிலும் வெளியே விட்ட கேஸைத் திரும்ப ஏற்ற முடியாது, அதனால் துளித் துளியாகத்தான் விட வேண்டும்.

### டார்ஷன் ராடு அதிக முறுக்கில் இருக்கிறதா?

இவ்வளவும் பார்த்து ஒன்றும் அகப்படவில்லை என்றால், அல்லது கழற்றிய எடையைத் திரும்ப மாட்டும் எண்ணம் இல்லை என்றால், ராடுக்கு வருவோம்.

ராடின் ஒரு முனை கீலை இழுக்கும். மறுமுனை கைத்தடியின் பிடிபோல வளைந்து, கார் உடலோடு பற்றவைத்த பிராக்கெட்டில் ஒரு காடியில் (வெட்டுப் பள்ளத்தில்) உட்கார்ந்திருக்கும். பல கார்களில் இந்தப் பிராக்கெட்டில் படிபோல இரண்டு மூன்று காடிகள் உண்டு. எந்தக் காடி என்பதைப் பொறுத்து முறுக்கு கூடும், குறையும். உங்கள் காரில் ஒரே ஒரு துளைதான் இருக்கிறது என்றால் அதில் சரிசெய்ய எதுவும் இல்லை. ராடை வளைத்துப் பார்க்கும் யோசனையை அங்கேயே விட்டுவிடுங்கள்.

மூடி மூடியிருக்கும்போது ராடில் முறுக்கு உச்சத்தில் இருக்கும், முழுக்கத் திறந்திருக்கும்போது குறைவாக இருக்கும். குறைவு என்றுதான் சொன்னேன், இல்லை என்று சொல்லவில்லை. கை நழுவினால் விரலை உடைக்கும் அளவுக்கு அப்போதும் மிச்சம் இருக்கும்.

வேலை இப்படி:

1. டிக்கியைக் காலி செய்யுங்கள். மூடியை முழுக்கத் திறந்து அளவாக வெட்டிய மரக்கட்டையால் முட்டுக் கொடுங்கள். கட்டை இருந்தாலும் ஓர் ஆள் மூடியைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். ராடு நகரும்போது வரும் குலுக்கலில் கட்டை நழுவும்.

2. இரண்டு பக்கமும் போட்டோ எடுங்கள். இப்போது ராடு இருக்கும் காடிக்குப் பக்கத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். பாதி வேலையில் குழப்பம் வந்தால் திரும்பிப் போக வழி வேண்டும்.

3. கண்ணாடி, தடித்த கையுறை இரண்டும் கட்டாயம். ராடின் முனை நழுவினால் எந்தப் பக்கம் வீசும் என்று பார்த்து, அந்தப் பாதையில் முகமோ மணிக்கட்டோ இல்லாதபடி உட்காருங்கள்.

4. இதற்கென்றே விற்கும் நெம்பி கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் வளைந்த முனையின் மேல் ஆட்டமில்லாமல் நுழையும், ஓரடி நீளமுள்ள கனத்த இரும்புக் குழாய். பூட்டும் பிளையரால் ராடைக் கவ்வாதீர்கள். நழுவுவது ஒரு பக்கம், அதன் பல் ராடில் கீறல் போடும். முறுக்கு வாங்கும் எஃகில் ஒரு கீறல் விழுந்தால் பிற்காலத்தில் விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும்.

5. குழாயைப் பிடித்து, ராடு தள்ளும் திசைக்கு எதிராகச் சற்றே இழுங்கள். முனை காடியை விட்டு எழும்பும். இப்போது ராடு தானாக எந்தப் பக்கம் போகத் துடிக்கிறதோ, அதுதான் முறுக்கு குறையும் பக்கம். கையைத் தளர்த்தாமல், மெல்ல அந்தப் பக்கம் விட்டு அடுத்த காடியில் உட்கார வையுங்கள். ஒரே ஒரு காடி, அதற்கு மேல் வேண்டாம். ‘டக்’ என்று உட்கார்ந்த சத்தம் கேட்ட பிறகும் குழாயை எடுப்பதற்கு முன் முனை காடியின் அடிவரை போயிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். விளிம்பில் தொற்றிக்கொண்டிருக்கும் முனை, மூடியை முதல் தடவை மூடும்போது பாய்ந்து வெளியேறும்.

6. அடுத்த பக்கத்திலும் அதே அளவு. ஒரு பக்கம் மட்டும் ஒரு காடி குறைத்துச் சமாளிக்கலாமே என்று கேட்பார்கள். நான் செய்வதில்லை. மூடி முறுகலாக எழும், லாக்கும் ஒரு பக்கமாகத் தேயும்.

7. கட்டையை எடுத்துவிட்டு மூடியைக் கையால் மெதுவாக இறக்கி ஏற்றிப் பாருங்கள். ராடுகள் வயரிலோ ஒன்றோடொன்றோ உரசுகிறதா என்று காது கொடுங்கள். பூட்டுவதற்கு முன் சாவியாலோ பின்சீட்டு வழியாகவோ உள்ளே போக வழி இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

பிறகு பாதியில் விடும் சோதனை, தராசு. எங்கள் காருக்கு ஒரே காடி போதுமானதாக இருந்தது. இப்போது அம்மா பட்டன் அழுத்தினால் மூடி ஒரு கை அளவு எழுந்து, அப்புறம் நிதானமாக மேலே போகிறது.

எப்போது ஆளைக் கூப்பிடுவது? ராடில் துரு குழி விழுந்திருந்தால், பிராக்கெட் வளைந்தோ வெல்டிங் விட்டோ இருந்தால், குழாய் நுழைய இடமே இல்லையென்றால், முழு பலத்தோடு இழுத்தும் முனை அசையவில்லையென்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். ராடைக் காரை விட்டே வெளியே எடுக்க வேண்டிய வேலை எதுவானாலும் மெக்கானிக்கிடம் விடுங்கள். கடைசிக் காடியிலும் மூடி துள்ளினால் வேறு மாடலின் ராடு மாட்டியிருக்க வாய்ப்பு உண்டு. இடது வலது ராடுகள் ஒன்றுபோல இருக்கும் என்றும் சொல்ல முடியாது, அதனால் பார்ட் நம்பர் பார்த்து வாங்குவதும் அவர்கள் வேலை.

## அறிகுறி 2: முதல் ஒரு சாண் மட்டும் துள்ளுகிறது, பிறகு நிதானம்

பாதியில் விடும் சோதனையில் மூடி ஒழுங்காக நிற்கிறது, லாக் விடும்போது மட்டும் உதைக்கிறது. அப்படியென்றால் ராடையும் ஷாக்கையும் தொடவே வேண்டாம். மூடியைக் கீழிருந்து வேறு ஏதோ தள்ளுகிறது.

ஸ்டாப்பர் ரப்பர். மூடியின் இரு மூலையிலும் திருகி ஏற்றி இறக்கும் ரப்பர் குமிழ்கள் இருக்கும். அவை அதிகமாக வெளியே வந்திருந்தால், மூடிய நிலையில் நசுங்கி, லாக் விட்டதும் உதைக்கும். கால் சுற்றாக உள்ளே திருகுங்கள், இரு பக்கமும் ஒரே அளவு. எவ்வளவு போதும் என்று அறிய, ரப்பருக்கும் அது போய்த் தொடும் இடத்துக்கும் நடுவே ஒரு காகிதத் துண்டை வைத்து, டிக்கியை மூடிவிட்டுக் காகிதத்தை இழுங்கள். லேசான பிடிப்போடு வந்தால் சரி. கிழிந்தால் இன்னும் உள்ளே போக வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் அதிகமாகத் திருகிவிட்டீர்கள், மூடி ஓட்டத்தில் கடகடக்கும்.

புது பீடிங். சுற்றிலும் உள்ள ரப்பர் பீடிங் புதிதென்றால் சில வாரங்கள் தள்ளும், பிறகு படிந்துவிடும். நீர் வராமல் இருக்கிறது என்றால் பொறுத்துப் பாருங்கள்.

லாக் கொக்கி. உடலில் உள்ள கொக்கி தேவைக்கு மேல் தாழ்ந்திருந்தால் மூடி பீடிங்கை அமுக்கிக்கொண்டுதான் பூட்டும். இடத்தைக் கோடு போட்டுக் குறித்துவிட்டு, போல்ட்டைத் தளர்த்தி ஒரு மில்லிமீட்டர் ஏற்றிப் பாருங்கள். அதற்கு மேல் தேவைப்பட்டால் மூடியின் பொருத்தமே தப்பு, டிங்கரிங் தெரிந்தவர் பார்க்க வேண்டும்.

## அறிகுறி 3: வேகம் சரிதான், உச்சியில் ‘டங்’ என்று சத்தம்

கீல் கை போய் நிற்கும் இடத்தில் சின்ன ரப்பர் இருக்கும். அது விழுந்துபோயிருந்தால் இரும்போடு இரும்பு மோதும். புது ரப்பர் போட்டால் தீர்ந்தது.

கேஸ் ஷாக் காரில் இன்னொரு காரணம், ஷாக் தலைகீழாக மாட்டியிருப்பது. உள்ளே உள்ள கொஞ்சம் எண்ணெய்தான் கடைசி ஓட்டத்தைத் தணிக்கிறது. பொதுவாகத் தண்டு கீழ்நோக்கி இருந்தால்தான் எண்ணெய் சீலின் பக்கம் தேங்கி அந்த வேலையைச் செய்யும். பழையதைக் கழற்றும் முன் எடுத்த போட்டோ இங்கே உதவும். தண்டில் எண்ணெய்ப் பிசுக்கு தெரிந்தால் சீல் போய்விட்டது, ஜோடியாக மாற்றுங்கள்.

## அறிகுறி 4: ஒரு பக்கம் முந்திக்கொண்டு எழுகிறது

இரண்டு ராடும் ஒரே காடியில் இருக்கின்றனவா, இரண்டு ஷாக்கிலும் ஒரே எண்ணா என்று பாருங்கள். எண் ஒன்றாக இருந்தும் முந்தினால் ஒரு ஷாக் செத்திருக்கும். மூடியைத் தாங்கிப் பிடிக்க ஆள் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகக் கழற்றிக் கையால் அமுக்கிப் பாருங்கள். நல்லது முரண்டு பிடிக்கும், செத்தது சுலபமாக உள்ளே போகும்.

இரண்டும் சரி, ஆனால் மூடிய பிறகு மூடிக்கும் பக்கத்துக்கும் உள்ள இடைவெளி இடமும் வலமும் வேறாக இருக்கிறது என்றால் கீல் வளைந்திருக்கலாம். நேராக டிங்கரிங் வேலைக்கு அனுப்புங்கள்.

## அறிகுறி 5: வெயிலில் மட்டும் துள்ளுகிறது

கேஸ் ஷாக்கில் இது கோளாறே இல்லை. வெப்பம் ஏறினால் உள்ளே அழுத்தம் ஏறும். 20 டிகிரியில் 500 நியூட்டன் தள்ளும் ஷாக், 45 டிகிரியில் ஏறத்தாழ 540 தள்ளும். ஆகவே காலையில், கார் குளிர்ந்திருக்கும்போது சோதியுங்கள். அப்போது சரியாக இருந்தால் விட்டுவிடுங்கள். மத்தியான வேகத்தைக் குறைக்க விசை குறைந்த ஷாக் வாங்கிப் போட்டால் குளிர்ந்த இரவில் மூடி தலையில் இறங்கும்.

டார்ஷன் ராடில் வெயிலால் இந்த வித்தியாசம் தெரியாது. அப்படித் தெரிந்தால் பீடிங் சூட்டில் ஒட்டிக்கொண்டு பிறகு விடுகிறது. ஈரத்துணியால் துடைத்து, சிலிக்கான் ஸ்ப்ரே லேசாகத் தடவுங்கள்.

## அறிகுறி 6: குறைத்த பிறகு மூடி மேலே நிற்கவில்லை

அளவு மீறிவிட்டீர்கள். ஒரு காடி திரும்ப ஏற்றுங்கள். துள்ளும் மூடியை விட விழும் மூடி கொடியது, குனிந்து பெட்டி எடுப்பவரின் பின்தலையில் விழும். முன்பக்கம் சற்று மேடான இடத்தில் நிறுத்தி, முழுக்கத் திறந்து, விளிம்பைக் கையால் லேசாகத் தட்டிப் பாருங்கள். தட்டியதற்கே இறங்கினால் அந்த அமைப்பை ஏற்காதீர்கள்.

இரண்டு காடிக்கும் நடுவில்தான் சரியான அளவு என்று தோன்றினால், நான் சற்று வேகமான காடியிலேயே விட்டுவிட்டு, விளிம்பைப் பிடித்துக்கொண்டு பட்டனை அழுத்தச் சொல்லித் தருவேன்.

## அறிகுறி 7: மோட்டார் மூடி வேகமாகத் திறக்கிறது, கூரையில் இடிக்கிறது

உயரம்தான் பிரச்சினை என்றால் காரின் கையேட்டைப் பாருங்கள். பல மாடல்களில் மூடியை வேண்டிய உயரத்தில் நிறுத்தி, மூடும் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடித்தால் அந்த உயரம் பதிவாகிவிடும். சில மாடல்களில் திரையில் உள்ள அமைப்புகளில் மாற்ற வேண்டும்.

வேகம் பிரச்சினை என்றால் உங்கள் கையில் எதுவும் இல்லை. மோட்டாரும் ஸ்பிரிங்கும் பெரும்பாலும் ஒரே தண்டுக்குள் அடைந்திருக்கும், அதைப் பிரிக்கவே கூடாது. சர்வீஸில் கணினி மாட்டிப் பார்ப்பார்கள். அங்கே போகும்போது வண்டியில் கடைசியாக என்ன வேலை நடந்தது, பேட்டரி கழற்றினீர்களா, வேகம் குளிரில் எப்படி, வெயிலில் எப்படி, இடிப்பது உச்சியிலா நடுவிலா என்று ஒரு காகிதத்தில் எழுதி, தராசு எண் எடுத்திருந்தால் அதையும் சேர்த்துக் கொடுங்கள்.